மலையில் இருக்கும் மெஷினுக்கு இங்கிருந்தே கட்டளை கொடுப்பது: முழுமையான வழிகாட்டி

தலைகுந்தாவில் ஒரு கேரட் தோட்டத்து ஷெட்டில் ராஸ்பெர்ரி பை (உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர்) ஒன்று இருக்கிறது. டிசம்பர், ஜனவரி உறைபனிக்காகத் தரைமட்ட வெப்பநிலையைப் பதிவது அதன் வேலை. கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் இலை எடைக் கணக்கை வைத்திருக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்று. இரண்டும் லினக்ஸ். இரண்டையும் பார்த்துக்கொள்பவர் கோவையில் இருக்கிறார். அவர் நிலையில் இருப்பவர்களுக்காக எழுதியது இது.

நகரத்து டேட்டா சென்டரில் இருக்கும் சர்வரில் தப்புச் செய்தால் கன்சோலைத் திறந்து சரிசெய்துவிடலாம். மலையில் அதே தப்புக்கு ஒரு நாள் பயணம். மழைக்காலத்தில் மரம் விழுந்து ரோடு அடைத்திருந்தால் அதுவும் முடியாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்: உள்ளே திரும்பி வரும் வழியை முதலில் உறுதி செய்கிறோம், வேலையைப் பிறகு தொடங்குகிறோம்.

கட்டளைகளைப் போனில் சொல்வது போல ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கீபோர்டில் எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்துதான். 'பெரிய' என்று குறித்த இடத்தில் மட்டும் பேரெழுத்து. டீ என்றால் டீ எஸ்டேட்டின் முதல் எழுத்து, டி என்றால் டெல்லியின் முதல் எழுத்து. ஹைஃபனுக்கும் அதை அடுத்து வரும் எழுத்துக்கும் நடுவில் ஸ்பேஸ் கிடையாது. செட்டிங் பெயர்களை நான் பிரித்து எழுதியிருந்தாலும் ஸ்பேஸ் இல்லாமல் சேர்த்து அடியுங்கள்.

1. மெஷின் மலையேறும் முன் மேசையிலேயே முடிக்க வேண்டியவை

மெஷின் உங்கள் மேசையில் மானிட்டர், கீபோர்டோடு இருக்கும்போதே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். தோட்டத்தில் போய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டவைதான் பின்னால் தொல்லை தருகின்றன.

எஸ்எஸ்ஹெச் என்பது தொலைவிலிருந்து மெஷினுக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி. அதற்கான ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வரைப் போட்டு, பூட் ஆகும்போது தானாக எழும்படி 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள்' கொடுங்கள். 'ஸ்டார்ட்' மட்டும் கொடுத்தால் இன்றைக்கு ஓடும், முதல் கரண்ட் கட்டுக்குப் பிறகு எழாது. கொடுத்துவிட்டு ப்ளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டுப் பாருங்கள். மெஷினை அழகாக ரீபூட் செய்து பார்ப்பது இதற்கு ஈடாகாது.

அடுத்தது, மெஷினை எப்படித் தொடுவது. தோட்டங்களில் பெரும்பாலும் சிம் போட்ட 4ஜி ரூட்டர்தான். மொபைல் கம்பெனிகள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் வைப்பதால், ரூட்டரில் எஸ்எஸ்ஹெச் பயன்படுத்தும் 22ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. புதியவர்கள் இங்கேதான் இரண்டு நாள் ரூட்டர் செட்டிங்கோடு மல்லுக்கட்டுகிறார்கள். தீர்வு, மெஷினே வெளியே கைநீட்டட்டும். பொது ஐபி உள்ள சின்ன வாடகை சர்வர் ஒன்றை எடுத்து, அதோடு வயர்கார்டு (இரண்டு மெஷின்களுக்கு நடுவே தனி லைன் போடும் விபிஎன்) சுரங்கம் போடுங்கள். மலை மெஷின் பக்கத்து செட்டிங்கில் 'பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்' 25 நொடி என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பேச்சு இல்லாத நேரத்தில் நடுவில் இருக்கும் கருவிகள் அந்த வழியை மறந்துவிடும். நீங்கள் கூப்பிடும்போது மெஷின் கிடைக்காது.

சுரங்கத்தின் 'அலவ்டு ஐபிஸ்' வரியில் சுரங்கத்துக்குள் இருக்கும் முகவரிகளை மட்டும் கொடுங்கள். எல்லா டிராஃபிக்கையும் அதில் திருப்பிவிட வேண்டாம். காரணம் கடிகாரத்தோடு தொடர்புடையது, 9ஆம் பகுதியில் வருகிறது.

இன்னொன்றும் தேவை: மெஷின் பக்கத்தில் நடந்து போகக்கூடிய ஒரு ஆள், அவர் போன் நம்பர். வாட்ச்மேனோ சூப்பர்வைசரோ, யாராக இருந்தாலும் எந்த ப்ளக் எதனுடையது என்று அவருக்குக் காட்டிவிட்டு, ப்ளக்கில் தமிழில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வாருங்கள்.

2. முதலில் சாவி, பிறகு பாஸ்வேர்டு அடைப்பு

உங்கள் லேப்டாப்பில் சாவி ஜோடி உருவாக்குங்கள்:

எஸ்எஸ்ஹெச்-கீஜென் -டீ இடி25519

பாஸ்ஃப்ரேஸ் கேட்கும், கொடுங்கள். லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தால் அதுதான் காவல். பிறகு 'எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி' கொண்டு பொதுச் சாவியை மெஷினில் ஏற்றுங்கள். இதற்குப் பாஸ்வேர்டு லாக்-இன் திறந்திருக்க வேண்டும். பாஸ்வேர்டை முதலிலேயே அடைத்துவிட்டுச் சாவியை ஏற்றப் போகிறவர்கள் கதவுக்கு வெளியே நிற்பார்கள்.

சாவி ஏறியும் பாஸ்வேர்டே கேட்கிறதா? பத்தில் ஒன்பது முறை பெர்மிஷன்தான், அதாவது ஃபைலை யார் படிக்கலாம், எழுதலாம் என்ற உரிமை எண். மெஷினில் புள்ளி-எஸ்எஸ்ஹெச் ஃபோல்டர் 700, அதனுள் 'ஆத்தரைஸ்டு_கீஸ்' ஃபைல் 600, ஹோம் ஃபோல்டரில் மற்றவர் யாருக்கும் எழுதும் உரிமை இல்லாமல். மற்றவர் எழுதக்கூடிய இடத்தில் இருக்கும் சாவியை சர்வர் நம்பாது. ஏன் நம்பவில்லை என்று உங்கள் திரையிலும் சொல்லாது. மெஷினின் லாக்கில்தான் காரணம் இருக்கும்.

சாவியில் உள்ளே போக முடிகிறது என்று பார்த்த பிறகு பாஸ்வேர்டை அடையுங்கள். அதற்கு ஒரு முறை:

முதல் விண்டோவில் லாக்-இன் ஆகி, அதை மூடாமல் வையுங்கள். எஸ்எஸ்ஹெச் சர்வரின் செட்டிங் ஃபைலில் (/இடிசி/எஸ்எஸ்ஹெச்/எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்) 'பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷன் நோ' என்று மாற்றுங்கள். 'சூடோ எஸ்எஸ்ஹெச்டி -டீ' கொடுங்கள் (சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது); எழுத்துப்பிழை இருந்தால் இப்போதே தெரியும். பிறகு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோ ரீஸ்டார்ட்டால் அறுந்துபோகாது, அதுதான் உங்கள் பிடிகயிறு. இரண்டாவது விண்டோவிலிருந்து புதிதாக உள்ளே வந்து பாருங்கள். வர முடிந்தால்தான் முதல் விண்டோவை மூடலாம்.

மாற்றியும் பாஸ்வேர்டு அடையவில்லை என்றால், டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் 'எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக் புள்ளி டி' என்ற ஃபோல்டரைப் பாருங்கள். அதில் உள்ள ஃபைல்கள் முதலில் படிக்கப்படும், முதலில் கண்ட மதிப்பே செல்லும். நீங்கள் கீழே எழுதியது எடுபடாது. நடப்பில் என்ன இருக்கிறது என்று அறிய 'சூடோ எஸ்எஸ்ஹெச்டி -பெரிய டீ' கொடுத்தால் முழுப் பட்டியலும் வரும்.

3. கைரேகையைத் தாளில் எழுதி வையுங்கள்

முதல் முறை ஒரு மெஷினோடு பேசும்போது அதன் கைரேகையைக் காட்டி, நம்பலாமா என்று கேட்கும். எல்லோரும் யோசிக்காமல் 'யெஸ்' அடிக்கிறார்கள். மெஷின் மேசையில் இருக்கும்போதே அதன் ஹோஸ்ட் சாவியின் கைரேகையை 'எஸ்எஸ்ஹெச்-கீஜென் -எல்எஃப்' கொண்டு எடுத்து நோட்டில் எழுதியிருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடம்தான்.

பின்னால் ஒருநாள் 'ஹோஸ்ட் அடையாளம் மாறிவிட்டது' என்று பெரிய எச்சரிக்கை வரலாம். மெமரி கார்டு கெட்டு புதிதாக இன்ஸ்டால் செய்திருந்தால் அது இயல்பு. பழைய பதிவை 'எஸ்எஸ்ஹெச்-கீஜென் -பெரிய ஆர்' கொடுத்து நீக்கலாம். யாரும் எதையும் மாற்றவில்லை என்றால் நீக்காதீர்கள். அந்த ஐபியில் வேறு கருவி உட்கார்ந்திருக்கலாம், அதற்குப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடக் கூடாது.

4. மெஷினுக்கு ஒரு பெயர், லைனுக்கு ஒரு காவல்

லேப்டாப்பில் புள்ளி-எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்குள் 'கான்ஃபிக்' என்று ஒரு ஃபைல். அதில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஹோஸ்ட், ஹோஸ்ட்நேம், யூசர், ஐடென்டிட்டி ஃபைல் என நான்கு வரி. இனி 'எஸ்எஸ்ஹெச் தலைகுந்தா' என்றால் போதும். ஐபியை மனப்பாடமாக அடிப்பவர்கள் என்றாவது ஒரு எண்ணை மாற்றி அடித்து, கோத்தகிரி மெஷினில் தலைகுந்தா வேலையைச் செய்துவிடுகிறார்கள்.

அதே ஃபைலில் இன்னும் சில வரிகள். 'சர்வர் அலைவ் இன்டர்வல்' 15, 'சர்வர் அலைவ் கவுன்ட் மேக்ஸ்' 3. லைன் செத்துப்போனால் சுமார் 45 நொடியில் உங்கள் பக்கம் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 'கனெக்ட் டைம்அவுட்' 10 வையுங்கள்.

மெதுவான சிம் லைனில் ஒவ்வொரு கட்டளைக்கும் புதிதாகக் கைகுலுக்கச் சில நொடிகள் போகும். 'கன்ட்ரோல் மாஸ்டர் ஆட்டோ', ஒரு 'கன்ட்ரோல் பாத்', 'கன்ட்ரோல் பெர்சிஸ்ட்' 10எம் என்று கொடுத்தால், முதல் இணைப்பைப் பத்து நிமிடம் திறந்து வைத்து அடுத்தவை அதிலேயே ஓடும். வித்தியாசம் உடனே தெரியும்.

5. ஒற்றைக் கட்டளை அனுப்புவது: எது எங்கே ஓடுகிறது

லாக்-இன் ஆகாமலே ஒரு கட்டளையை அனுப்பலாம்:

எஸ்எஸ்ஹெச் தலைகுந்தா அப்டைம்

மெஷின் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பதில் வரும். எளிமையாகத் தெரியும். புதியவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நீங்கள் அடித்த வரியை இரண்டு ஷெல்கள் (அடித்த கட்டளையைப் படித்து ஓட்டும் ப்ரோகிராம்) படிக்கின்றன. முதலில் உங்கள் லேப்டாப்பின் ஷெல். அது தனக்குப் புரிந்த குறிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, மீதியை ஒரே வரியாகச் சேர்த்து அனுப்பும். அங்கே மெஷினின் ஷெல் அதை மறுபடி படிக்கும். எந்தக் குறியை எந்த ஷெல் தின்கிறது என்பதுதான் முழு விஷயமும்.

இதைச் செய்து பாருங்கள். 'எக்கோ $ஹோஸ்ட்நேம்' (ஹோஸ்ட்நேம் முழுவதும் பெரிய எழுத்து) என்பதை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து அனுப்பினால் உங்கள் லேப்டாப்பின் பெயர் வரும். டாலர் குறியை உங்கள் ஷெல்லே நிரப்பிவிட்டது. ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் மலை மெஷினின் பெயர் வரும்.

இது வெறும் பெயரோடு நிற்பதில்லை. பழைய பதிவுகளை அழிக்க, ஆர்எம் -ஆர்எஃப், அதன் பின்னால் டாலர் போட்ட ஒரு ஃபோல்டர் பெயர், ஸ்லாஷ், நட்சத்திரம் என்று இரட்டை மேற்கோளில் அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் மெஷினில் இருக்கிறது, உங்கள் லேப்டாப்பில் இல்லை. உங்கள் ஷெல் அதை வெற்றிடமாக நிரப்பும். மெஷினுக்குப் போய்ச் சேர்வது 'ஆர்எம் -ஆர்எஃப் /*'. ஆர்எம்மில் ரூட் ஃபோல்டருக்கு இருக்கும் பாதுகாப்பு, நட்சத்திரத்தோடு வரும் இந்த வடிவத்தைத் தடுக்காது. ஆகவே பழக்கம் ஒன்று: அனுப்பும் கட்டளை முழுவதும் ஒற்றை மேற்கோளுக்குள். அழிக்கும் கட்டளையில் ஃபோல்டரின் முழுப் பாதையை நேராக எழுதுங்கள், டாலர் வேண்டாம். ஆர்எம் இருக்கும் இடத்தில் முதலில் எல்எஸ் போட்டு அனுப்பி, என்ன பட்டியல் வருகிறது என்று பாருங்கள்.

மேற்கோள் இல்லாமல் 'எஸ்எஸ்ஹெச் தலைகுந்தா சிடி /வார்/லாக் && எல்எஸ்' என்று அடித்தால், சிடி மலையில் நடக்கும், எல்எஸ் உங்கள் லேப்டாப்பில் நடக்கும். && குறியை உங்கள் ஷெல் எடுத்துக்கொள்கிறது. > குறியும் அப்படியே: மேற்கோளுக்கு வெளியே இருந்தால் ஃபைல் உங்களிடம் உருவாகும், உள்ளே இருந்தால் மெஷினில். பதிவை இங்கே கொண்டுவர வேண்டும் என்றால் வெளியே வைப்பது நல்ல வழிதான், தெரிந்து செய்தால்.

உள்ளே போய் அடித்தால் ஓடும் கட்டளை, வெளியிலிருந்து அனுப்பினால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறதா? ஒற்றைக் கட்டளைக்கு லாக்-இன் ஷெல் எழுவதில்லை. உங்கள் 'ப்ரொஃபைல்' ஃபைல் படிக்கப்படாது. டெபியனில் 'பாஷ்ஆர்சி'யும் முதல் சில வரிகளிலேயே திரும்பிவிடும். நீங்கள் அங்கே சேர்த்த பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்), சுருக்கப் பெயர்கள் எதுவும் கிடைக்காது. முழுப் பாதையோடு கட்டளையை எழுதுங்கள்.

சூடோ பாஸ்வேர்டு கேட்க ஒரு டெர்மினல் வேண்டும், ஒற்றைக் கட்டளையில் அது இல்லை. 'எஸ்எஸ்ஹெச் -டீ' என்று கொடுத்தால் டெர்மினல் கிடைக்கும். அதே -டீ, 'ஜர்னல்சிடிஎல் -எஃப்' போல ஓடிக்கொண்டே இருக்கும் கட்டளைகளுக்கும் தேவை. அது இல்லாமல் கன்ட்ரோல்-சி அடித்தால் உங்கள் பக்கம்தான் நிற்கும். மலையில் அது அனாதையாக ஓடிக்கொண்டிருக்கலாம். தானாக ஓடும் ஸ்கிரிப்ட்டுக்கு சூடோ வேண்டும் என்றால், அந்த ஒரே ஒரு கட்டளைக்கு மட்டும் பாஸ்வேர்டு இல்லாத அனுமதியை 'விசூடோ' வழியாகக் கொடுங்கள். அந்த ஃபைலை வேறு எடிட்டரில் திறந்து ஒரு எழுத்தைப் பிழையாக விட்டால் சூடோவே வேலை செய்யாமல் போகலாம்.

முடிவு என்ன ஆயிற்று என்று அறிய எக்ஸிட் கோடு, அதாவது கட்டளை முடியும்போது விட்டுச்செல்லும் எண். மெஷினில் ஓடிய கட்டளையின் கோடு அப்படியே உங்களிடம் வரும். இணைப்பே கிடைக்கவில்லை என்றால் 255. ஸ்கிரிப்ட் எழுதும்போது 255ஐத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். 'சென்சார் கெட்டுவிட்டது' என்பதும் 'டவர் இல்லை' என்பதும் ஒரே செய்தியாக வந்தால், விடியலுக்கு முன் ஸ்பிரிங்க்ளர் போடலாமா என்று காத்திருப்பவருக்கு அதனால் பயனில்லை. சொல் தேடும் கட்டளையான கிரெப், எதுவும் கிடைக்காதபோது 1 கொடுக்கும், அது பிழை அல்ல.

6. நடுவில் லைன் போனாலும் வேலை நிற்காமல் இருக்க

ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும் எதையும் நேராக ஓட்டாதீர்கள். லைன் அறுந்தால், அந்த டெர்மினலைச் சார்ந்த வேலைகளுக்கு 'ஹேங்அப்' சிக்னல் போகும், பெரும்பாலானவை செத்துவிடும். சாஃப்ட்வேர் அப்டேட் நடுவில் இப்படி நடந்தால் பேக்கேஜ்கள் அரைகுறையாக நிற்கும். அப்படி ஆகிவிட்டிருந்தால் 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கொடுத்து முடித்துவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும்.

டிமக்ஸ் இதற்காகவே இருக்கிறது. ஒரே வரி:

எஸ்எஸ்ஹெச் -டீ கோத்தகிரி டிமக்ஸ் நியூ -பெரிய ஏ -எஸ் வேலை

ஏற்கெனவே 'வேலை' என்ற அமர்வு இருந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் புதிதாகத் திறக்கும். கன்ட்ரோலோடு பி (பாம்பே பி) அழுத்தி, விட்டு, டி (டெல்லி டி) அடித்தால் வெளியே வரலாம். உள்ளே வேலை ஓடிக்கொண்டிருக்கும். டவர் போய் வந்தாலும் அதே வரியை மறுபடி அடித்தால், விட்ட இடத்திலேயே திரை நிற்கும்.

அடிக்கடி நடக்கும் தப்பு, டிமக்ஸை உங்கள் லேப்டாப்பில் திறந்து அதற்குள் எஸ்எஸ்ஹெச் போவது. அறுவது நடுவில் இருக்கும் லைன். டிமக்ஸ் மலைப்பக்கம் இருந்தால்தான் காப்பாற்றும். அங்கே கரண்ட் போனால் டிமக்ஸும் போகும். எப்போதும் ஓட வேண்டியதை சிஸ்டம்டி சர்வீஸாக (பூட் ஆகும்போது தானாக எழும் வேலையாக) எழுதுங்கள்.

டிமக்ஸ் இல்லாத மெஷினில் நோஹப் (ஹேங்அப் சிக்னலைக் கண்டுகொள்ளாமல் வேலையை ஓட்டும் கட்டளை) உதவும். ஆனால் வெளியீடு, பிழை, உள்ளீடு மூன்றையும் திருப்பிவிட வேண்டும்: வெளியீடு ஒரு லாக் ஃபைலுக்கு, பிழை அதே இடத்துக்கு, உள்ளீடு /டெவ்/நல்லில் இருந்து, கடைசியில் & குறி. ஒன்றை விட்டாலும் எஸ்எஸ்ஹெச் திரும்பாமல் தொங்கலாம்.

திரை உறைந்துவிட்டால் விண்டோவை மூட வேண்டாம். என்டர், பிறகு ~ குறி, பிறகு புள்ளி. எஸ்கேப் பட்டனுக்குக் கீழே ஷிஃப்டோடு இருப்பது அந்த ~. புதிய வரியின் தொடக்கத்தில்தான் அது செல்லும், அதனால்தான் முதலில் என்டர்.

திரை உறையாமல் தாமதமாக வரும்போது ஆபத்து அதிகம். அடித்த எழுத்து தெரியவில்லை என்று என்டரை மூன்று முறை தட்டுகிறார்கள். அந்தத் தட்டல்கள் எங்கும் போகவில்லை, வரிசையில் நிற்கின்றன. லைன் தெளிந்ததும் அடுத்து வரும் 'நிச்சயமா?' கேள்விக்கு அவையே பதிலாகிவிடும். எழுத்து திரையில் வரும்வரை கையை எடுத்துவிடுங்கள். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பஸ்ஸில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தால் எஸ்எஸ்ஹெச் லாக்-இன்னுக்கு மாற்றான மோஷ் நல்லது: ஐபி மாறினாலும் இணைப்பு விடாது, அடித்ததை உடனே காட்டும். அதற்கு யுடிபி 60000 முதல் 61000 வரையிலான போர்ட்கள் வழி வேண்டும். வயர்கார்டுக்குள் ஓட்டினால் அது சிக்கலில்லை.

7. ஸ்கிரிப்ட்டும் ஃபைலும்

லேப்டாப்பில் இருக்கும் ஸ்கிரிப்ட்டை மெஷினில் காப்பி செய்யாமலே ஓட்டலாம்:

எஸ்எஸ்ஹெச் தலைகுந்தா 'பாஷ் -எஸ்' < சரிபார்.எஸ்ஹெச்

மேற்கோள் சிக்கல் எதுவும் இல்லை என்பதால் மூன்று வரிக்கு மேல் போனால் இதுவே நல்ல வழி. 'பாஷ்' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். டெபியனில் வெறும் எஸ்ஹெச் என்பது டாஷ், பாஷுக்கே உரிய சில வசதிகள் அதில் ஓடாது.

பத்து மெஷின் பெயர்களை ஒரு ஃபைலில் வைத்து, வரி வரியாகப் படிக்கும் வைல்-ரீட் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் எஸ்எஸ்ஹெச் போனால் முதல் மெஷினோடு நின்றுவிடும். எஸ்எஸ்ஹெச் உள்ளீட்டைக் குடித்துவிடுகிறது, மீதிப் பெயர்கள் அதோடு போய்விட்டன. சுற்றுக்குள் 'எஸ்எஸ்ஹெச் -என்' கொடுங்கள். கூடவே 'பேட்ச்மோட் யெஸ்', பாஸ்வேர்டு கேட்டு இரவெல்லாம் நிற்காமல் இருக்க.

ஃபைல் கொண்டுவர ஆர்சிங்க். -ஏவி, -பெரிய பி (பாண்டிச்சேரி பி) இரண்டையும் கொடுத்தால் லைன் அறுந்த ஃபைலின் வந்த பகுதி வீணாகாது. மூல ஃபோல்டர் பெயரின் கடைசியில் ஸ்லாஷ் இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் வரும், இல்லையென்றால் ஃபோல்டரே வரும். '--டெலீட்' சேர்க்கும் எந்த முறையும் முதலில் -என் போட்டு ஒத்திகை பாருங்கள்.

8. கதவை அடைக்கக்கூடிய கட்டளைகள்

ஃபயர்வால், நெட்வொர்க் செட்டிங், வயர்கார்டு செட்டிங், எஸ்எஸ்ஹெச் செட்டிங். இந்த நான்கையும் தொடும் முன், 'இது தப்பானால் தானாகப் பழைய நிலைக்கு எப்படித் திரும்பும்?' என்பதற்குப் பதில் இருக்க வேண்டும்.

உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூ உதாரணம். 'எனேபிள்' கொடுத்ததும் உள்ளே வரும் எல்லாவற்றையும் மறுக்கும். எஸ்எஸ்ஹெச்சுக்கு 'அலவ்' முதலில், 'எனேபிள்' பிறகு. வரிசை சரிதான் என்று தோன்றினாலும் முதலில் ஒரு காவல் போடுங்கள்:

சூடோ சிஸ்டம்டி-ரன் --யூனிட்=மீட்பு --ஆன்-ஆக்டிவ்=5மின் /யுஎஸ்ஆர்/எஸ்பின்/யுஎஃப்டபிள்யூ டிஸேபிள்

ஐந்து நிமிடத்தில் ஃபயர்வால் தானாக அணையும். இப்போது மாற்றத்தைச் செய்யுங்கள், இரண்டாவது விண்டோவில் புதிதாக உள்ளே வந்து பாருங்கள். வந்துவிட்டால் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் மீட்பு.டைமர்' கொடுத்துக் காவலை எடுங்கள். வர முடியவில்லை என்றால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், கதவு திறந்திருக்கும். 'ரீபூட் செய்தால் சரியாகிவிடும்' என்று இங்கே எண்ண வேண்டாம். யுஎஃப்டபிள்யூ விதிகள் ரீபூட்டுக்குப் பிறகும் இருக்கும்.

நெட்வொர்க்குக்கு உபுண்டுவில் 'நெட்பிளான் அப்ளை' கொடுக்காமல் 'நெட்பிளான் ட்ரை' கொடுங்கள். 120 நொடிக்குள் நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழையதற்குத் திரும்பும். டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள், இல்லையென்றால் லைன் அறும்போது திருப்ப வேண்டிய அந்த வேலையே செத்துப்போகலாம்.

பவர்ஆஃப் கட்டளை தொலைவில் ஒருவழிப் பாதை. ரீபூட் என்று நினைத்து அதை அடித்தால் யாராவது நடந்து போய் ஸ்விட்சைத் தட்டும்வரை மெஷின் இல்லை. டெபியனில் 'மோலி-கார்டு' பேக்கேஜைப் போட்டால், எஸ்எஸ்ஹெச் வழியாக வந்தவர் ரீபூட்டோ பவர்ஆஃபோ கொடுக்கும்போது மெஷினின் பெயரை அடிக்கச் சொல்லும். தப்பான விண்டோவில் நிற்பவர் அங்கே விழித்துக்கொள்வார்.

9. கரண்ட் போய் வந்த பிறகு

ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கம். அந்தந்த மழையில் மின்கம்பி அறுவது வழக்கம். டவரின் பேட்டரி தீர்ந்தால் சிம்மும் போகும். மெஷின் திரும்பி வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம்.

ராஸ்பெர்ரி பையின் 4ஆம் மாடல்வரை போர்டில் கடிகாரமே கிடையாது. 5ஆம் மாடலில் உண்டு, ஆனால் பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். கடிகாரம் இல்லாத பை, கரண்ட் வந்ததும் கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். இணையம் கிடைத்து நேரம் சரியாகும்வரை பதிவாகும் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் நேரம் தப்பு. விடியற்காலை 5 மணிக் குளிர் நடுஇரவுக் கணக்கில் விழும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வயர்கார்டில். கைகுலுக்கும்போது மெஷின் தன் நேரத்தையும் அனுப்புகிறது. முன்பு பார்த்த நேரத்தைவிடப் பழையது வந்தால், பழைய செய்தியை யாரோ திருப்பி அனுப்புகிறார்கள் என்று எண்ணி சர்வர் மறுத்துவிடும். எல்லா டிராஃபிக்கையும் சுரங்கத்துக்குள் திருப்பியிருந்தால், நேரம் கேட்கும் பாக்கெட்டும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். சுரங்கம் திறக்க நேரம் வேண்டும், நேரம் கிடைக்கச் சுரங்கம் வேண்டும். 1ஆம் பகுதியில் 'அலவ்டு ஐபிஸ்' வரியைக் குறுக்கச் சொன்னது இதற்காகத்தான். கூடவே டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றை மாட்டிவிடுங்கள்.

அதன் பிறகு 'டைம்டேட்சிடிஎல்', 'டிஎஃப் -ஹெச்', 'சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு' மூன்றும். ஃபைல் சிஸ்டம் படிக்க மட்டும் என்று மவுண்ட் ஆகியிருந்தால் மெமரி கார்டு சாகும் தறுவாயில் இருக்கலாம். உடனே ஆர்சிங்க் எடுத்துவிட்டுப் பிறகு ஆராயுங்கள்.

10. லைனே இல்லாதபோது போனில் சொல்வது

சுரங்கம் வரவில்லை, ஆனால் வாட்ச்மேனின் போன் கிடைக்கிறது. இந்த நாளுக்காக மேசையிலேயே இரண்டு ஸ்கிரிப்ட் எழுதி, பாத்தில் வைத்திருக்க வேண்டும். ஒன்றின் பெயர் 'பார்': நேரம், ஐபி, டிஸ்க், வயர்கார்டின் கடைசிக் கைகுலுக்கல் நேரம், நான்கையும் பெரிய எழுத்தில் காட்டும். மற்றொன்று 'மீள்': நெட்வொர்க்கையும் வயர்கார்டையும் ரீஸ்டார்ட் செய்யும். ஹைஃபன், ஸ்லாஷ், பெரிய எழுத்து எதுவும் பெயரில் வரக் கூடாது. நீளமான கட்டளையைப் போனில் சொல்லி முடித்தவர் அபூர்வம்.

எழுத்துகளைச் சொல்லும்போது வெறும் பி, டி வேண்டாம். பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி, எம் ஃபார் மெட்ராஸ் என்றே சொல்லுங்கள். என்டர் தட்டும் முன் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்: "அண்ணா, இப்ப அடிச்சதை ஒரு வாட்டி எழுத்து எழுத்தா படிச்சுக் காட்டுங்க, என்டர் இன்னும் தட்டாதீங்க." திரையில் வந்ததை வாயால் சொல்லச் சொல்வதைவிட போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வது மேல், டவர் வந்ததும் அனுப்பிவிடுவார்.

கீபோர்டைத் தொடச் சொல்லும் முன் விளக்குகளைக் கேளுங்கள். ரூட்டரில் விளக்கு எரியவில்லை என்றால் ஷெல்லில் தேட எதுவும் இல்லை, ப்ளக்கில்தான் இருக்கிறது. ரூட்டரை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, போடச் சொல்லுங்கள். மெஷினின் ப்ளக்கை மட்டும் தொட வேண்டாம் என்று ஸ்டிக்கரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இங்கிருந்து 'எஸ்எஸ்ஹெச் தலைகுந்தா அப்டைம்' அடித்துப் பாருங்கள்.